லாகா கட்டை கைக்கு வந்துச்சுன்னா ஊதுவத்தி ஆகுற வரைக்கும் என்னென்ன செய்யணும்

நாகூர், கூத்தாநல்லூர், மன்னார்குடி பக்கம் மலேசியாலயும் சிங்கப்பூர்லயும் ஆளு இல்லாத தெரு கம்மிதான். அங்கேர்ந்து வந்த பொட்டியத் தொறந்தா கோடாலித் தைலம், மைலோ டப்பா, பிஸ்கட்டுன்னு வரிசையா இருக்கும், சில வீட்ல அதோட செக்கச்செவேல்னு கொஞ்சம் கருப்பேறுன கட்டைத் துண்டு ஒண்ணும் வந்துருக்கும். "சாமிக்குப் போடுற கட்டை"ன்னு யாரோ சொல்லிக் குடுத்துருப்பாங்க, நம்ம வீட்ல அத சந்தனம்னு நெனச்சு கல்லுல உரசிப் பாத்து வாசமே வரலயேன்னு பீரோ மேல தூக்கிப் போட்டுருப்பாங்க. அதுக்கு மலாய்ல பேரு காயு லாகா. உரசுனா ஒண்ணும் வராது, அது நெருப்புக்குன்னே உள்ள கட்டை. அத எப்படி அடையாளம் பாக்குறது, தூளாக்குறது, நம்ம ஊரு ஈரக்காத்துல எப்படி ஊதுவத்தியா காயவைக்கிறதுன்னு மொத்தத்தையும் ஒரே எடத்துல எழுதிடலாம்னு பாக்குறேன். லாகா இல்லாதவங்களும் படிங்க, நம்ம ஊரு நாட்டு மருந்துக்கடை சரக்க வச்சும் இதே முறைதான், அளவு கடைசில இருக்கு.

மொதல்ல அது என்ன செடி

மரம்னு நெனைப்பீங்க, இது கொடி. காட்டுல பெரிய மரத்தப் புடிச்சுக்கிட்டு மேல ஏறுற கட்டைக்கொடி. தாவரவியல் பேரு டால்பெர்ஜியா பார்விஃப்ளோரா, பேரு வச்சது ராக்ஸ்பர்க், கல்கத்தா தாவரத் தோட்டத்த கவனிச்சுக்கிட்டவரு. பூ சின்னதா வெள்ளையா இருக்கும். பர்மா, தாய்லாந்துலேர்ந்து மலேயா, சுமத்ரா, போர்னியோ வரைக்கும் மழைக்காட்டுல தானா வளருது. நம்ம ஈட்டி மரம் இருக்கே, தோதகத்தின்னும் சொல்லுவாங்க, அதுவும் டால்பெர்ஜியாதான், அதனால ரெண்டும் பங்காளி மொற.

கொடி முழுக்க வாசம் கெடையாது, இத நல்லா மனசுல வச்சுக்கங்க. வெளில இருக்குற வெளிறுல ஒண்ணுமே இல்ல. கொடி முத்தி நடுவுல வைரம் பாயுது பாருங்க, அந்த வைரத்துலதான் சரக்கு. எளங்கொடிய வெட்டுனா வெறகுதான்.

இத டெல்டால நட்டா வருமான்னு கேக்குறவங்களுக்கு நேரா சொல்லிடுறேன், வேணாங்க. அது வருசம் பூராவும் மழை பெய்யிற காட்டுக்குப் பொறந்தது, நமக்கு மழைன்னா ஐப்பசி கார்த்திகைதான், சித்திரைல தரை வெடிச்சுக் கெடக்கும். அப்படியே தண்ணி ஊத்திக் காப்பாத்தினாலும் வைரம் பாயுறதுக்கு எத்தன வருசம் காத்திருக்குறது. வாசனைப் பயிர்தான் வேணும்னா கடலோர மணல்ல வெட்டிவேர் போடுங்க, கடலூர் நாகப்பட்டினம் பக்கம் ஏற்கனவே போடுறாங்க, ஒண்ணு ஒன்ற வருசத்துல தோண்டி எடுத்துடலாம்.

இது புதுசா வந்த பழக்கம் இல்ல

1974ல சீனாவுல சுவான்சோ துறைமுகத்துக்கிட்ட சேத்துக்குள்ள பொதஞ்சு கெடந்த ஒரு கப்பல தோண்டி எடுத்தாங்க, சோங் ராஜாங்க காலத்து கடைசில முழுகுனது. அதுக்குள்ள ரெண்டு டன்னுக்கு மேல வாசனைக் கட்டை, அதுல லாகாவும் இருந்துச்சு. அதே சுவான்சோலதான் 1281ஆம் வருசத்து தமிழ்க் கல்வெட்டும் கெடச்சிருக்கு, சிவன் கோயில் ஒண்ணும் அங்க இருந்துருக்கு, அப்ப நம்ம யாவாரிங்க அந்தத் தெருவுல நடமாடிருக்காங்க. இன்னொண்ணு பாருங்க, வாங் தாயுவான்னு ஒரு சீனர் 1349 வாக்குல தான் பாத்த ஊரையெல்லாம் எழுதி வச்சாரு. இன்னைக்கு சிங்கப்பூர் இருக்குற பக்கத்துல மட்டரக லாகாவும் தகரமும் கெடைக்குதுன்னு எழுதுன அதே ஆளு, செங்கல் கோபுரம் ஒண்ணு, அதுல 1267ல கட்டி முடிச்சோம்னு சீன எழுத்து, அப்படின்னும் எழுதிருக்காரு. அது நாகப்பட்டினத்து பவுத்த கோபுரம்னுதான் ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. நாகப்பட்டினத்துல சீன கோபுரம்னு சொன்ன பழைய கோபுரம் ஒண்ணு 1867 வரைக்கும் நின்னுது, அப்பறம் இடிச்சிட்டாங்க. சரி கதை போதும், வேலைக்கு வருவோம்.

கட்டைய எப்படி வாங்கணும், எப்படி வாங்கக் கூடாது

டால்பெர்ஜியா இனம் மொத்தமும் 2017 ஜனவரிலேர்ந்து சைட்டிஸ் பட்டியல்ல இருக்கு, அழிஞ்சு போகாம இருக்க செடி, மிருக யாவாரத்த நாடுங்க சேந்து கட்டுப்படுத்துற ஒப்பந்தம் அது. அதாவது கட்டையாவோ செதுக்கலாவோ தூளாவோ நாடு விட்டு நாடு வரணும்னா பேப்பர் வேணும். நம்ம நாட்லயும் 2022 வனவிலங்கு சட்டத் திருத்தத்துல இந்தப் பட்டியலச் சேத்துட்டாங்க. "மச்சான் ஊருக்கு வரப்ப ரெண்டு கிலோ கட்டை போட்டுக் கொண்டாடா"ன்னு போன்ல சொல்றது இனி சரிப்பட்டு வராது, ஏர்ப்போர்ட்டுல மச்சான்தான் நிக்கணும். முந்தியே வந்து வீட்ல கெடக்குற கட்டைக்குத்தான் இந்த வழிகாட்டி, இல்லன்னா முறையா பில்லோட இறக்குமதி பண்ணி விக்கிறவங்ககிட்ட வாங்குனதுக்கு.

பேருல ஒரு சிக்கல் இருக்கு. சீனர்கள் லாகாவுக்கு வச்சிருக்குற பேரும் ஹைனான் தீவுல வளர்ற டால்பெர்ஜியா ஓடோரிஃபெராங்குற மரத்துக்கு வச்சிருக்குற பேரும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும். அது மரம், மருந்துக்கும் பர்னிச்சருக்கும் போறது, வெலை எங்கயோ நிக்கும். ஆன்லைன்ல ரெண்டையும் ஒரே படத்தப் போட்டு விக்கிறாங்க, வெலையப் பாத்து மயங்கிடாதீங்க.

கட்டை கைல இருந்தா இப்படிப் பாருங்க. ஓரத்துல ரம்பத்தால ஒரு சீவு சீவுங்க. மேல செவப்பா இருந்து உள்ள வெளுத்துக் கெடந்தா சாயம் போட்டது. உள்ளயும் செவப்பு, பழுப்பு, லேசா கத்திரிப்பூ கலர் ரேகை ஓடுதுன்னா நம்பலாம். அப்பறம் அந்தத் தூள ஒரு வெள்ளப் பேப்பர்ல மடிச்சு ராத்திரி பூரா வச்சுடுங்க, காலைல பேப்பர்ல எண்ணெ ஊறுன கறை பரவிக் கெடந்தா யாரோ சென்ட் எண்ணெ தடவிருக்காங்க.

கடைசிப் பரீட்சை நெருப்பு. தாளிக்கிற இரும்புக் கரண்டி ஒண்ண எடுத்து அடுப்புல சூடு ஏத்தி, அடுப்ப அணைச்சுட்டு, ஒரு சிட்டிகை தூள அதுல போடுங்க. நேரா தணல்ல போட்டீங்கன்னா கருகிடும், ஒண்ணும் புரியாது. சென்ட் போட்ட கட்டைன்னா மொத வினாடியே மூக்க அடிக்கிற வாசம் வந்து, அது போனதும் வெறும் வெறகுப் பொகதான். நல்ல லாகா நேர்மாறு. மொதல்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், தூள் ஓரம் கருக்க ஆரம்பிக்கிறப்ப மெதுவா ஒரு இனிப்பு கலந்த கட்டை வாசம் எழும்பும், கரண்டி ஆறுன பொறவும் ரூம்ல நிக்கும்.

தனியா எரிச்சா லாகா சுமார்தான், இத சொல்லிடணும். சீனாவுல பழைய மருந்து நூல்லயே எரிச்ச ஒடனே பெருசா மணக்காது, மத்த வாசனையோட சேந்தாதான் பிரமாதம்னு எழுதி வச்சிருக்காங்க. அங்க தாவோ மதத்து பூசாரிங்க அந்தப் பொக மேலுலகத்துல இருக்குறவங்கள கீழ எறக்கிக் கொண்டாரும்னு நம்புனாங்களாம், அது அவங்க பாடு. நமக்கு வேண்டியது என்னன்னா, கலவைல லாகா அடில நிக்கணும், மேல பேசுறது வேற சரக்கா இருக்கணும். கட்டை இருக்கேன்னு அத மட்டும் போட்டு வத்தி உருட்டுறவங்கதான் "என்னங்க ஒண்ணும் மணக்கலயே"ன்னு கேக்குறாங்க.

தூளாக்குறது

வெளிற மொத்தமா செதுக்கித் தள்ளிடுங்க, அது கலந்தா வத்தி வெறகு நாத்தம் அடிக்கும். வைரத்த மட்டும் சின்னச் செதுக்கலா ஆக்கி மூணு நாலு நாள் நெழல்ல ஒலத்துங்க. மிக்சில ஒரேடியா ஓட்டாதீங்க, ஜார் சூடேறுனா வாசம் ஜார்லயே போயிடும், பத்து வினாடி ஓட்டி நிறுத்தி ஆறவிட்டு மறுபடி ஓட்டணும். உரல் ஒலக்கை இருந்தா அதுதான் ராஜா, கைதான் போயிடும்.

ஈட்டி வகைக் கட்டைத் தூள் சில பேருக்கு ஒத்துக்காது, தோலு தடிச்சு அரிக்கும், மூச்சு இழுக்கும். மாஸ்க் போட்டுக்கங்க, வீட்டுக்குள்ள வேணாம், திண்ணைலயோ கொல்லைலயோ வச்சுச் செய்யுங்க. ஆஸ்துமா உள்ளவங்க இந்தக் கட்டத்த வேற யாருகிட்டயாவது குடுத்துடுங்க.

அப்பறம் வஸ்திரகாயம். பழைய வேட்டித் துணிய ரெண்டா மடிச்சு பானை வாயில கட்டி அதுல தூளப் போட்டு கையால தேச்சு எறக்கணும். வெரல்ல எடுத்துத் தேச்சா முகப் பவுடர் மாதிரி நெரநெரப்பு இல்லாம இருக்கணும். தூள் கரகரன்னு இருந்தா வத்தி எரியிறப்ப அங்கங்க பொறி பறக்கும், நடுவுல அணையும். மேல தங்குற கப்பிய தூக்கிப் போடாதீங்க, தூபக்கால்ல போட அதுதான் சரியான சரக்கு.

கலவை

இந்த அளவுக்கு 150 வத்தி பக்கம் வரும்.

லாகா தூள் 100 கிராம்
ஜிகட் 60 கிராம்
மரக்கரித் தூள் 40 கிராம்
வெட்டிவேர் தூள் 20 கிராம்
சாம்பிராணி 15 கிராம்
கிச்சிலிக்கிழங்குத் தூள் 10 கிராம்

ஜிகட்னா ஒரு மரப்பட்டைத் தூள், தண்ணி பட்டா வழவழன்னு பசையாயிடும், ஊதுவத்தி சாமான் விக்கிற கடையில கேட்டா குடுப்பாங்க. அதுக்குப் பதிலா மைதா, கோந்துன்னு போகாதீங்க, எரியிறப்ப தோசை கருகுற வாடை வந்துடும். கரி எதுக்குன்னா நெருப்பு ஒரே சீரா ஊர்ந்து போக. கொட்டாங்கச்சிக் கரி கெட்டி, வீட்ல நைசா அரைபடாது, லேசான மரக்கரிதான் தோது. சில பேரு வெடியுப்பு கொஞ்சம் போடுவாங்க, நல்லாத்தான் பத்தும், ஆனா வீட்டுக்குள்ள கொழந்தைங்க பக்கத்துல எரிக்கிற பொருளுக்கு அது எதுக்கு, நான் சேக்குறதில்ல.

சாம்பிராணி வாசமா இருக்கேன்னு அளவ ஏத்துனீங்கன்னா கெட்டது கதை. பிசின் சரக்கெல்லாம் நெருப்புல உருகும், உருகுனா வத்தி அணையும். மொத்த எடையில பத்துல ஒரு பங்குக்கு மேல பிசின் போகக் கூடாது, குங்கிலியம் சேத்தாலும் இதே கணக்குக்குள்ளதான். சாம்பிராணிய தனியா அரைச்சா ஒட்டிக்கும், கரித்தூளோட சேத்து அரைச்சா பொலபொலன்னு வந்துடும்.

மேல பேசுற வாசனை உங்க இஷ்டம். வெட்டிவேர் குளுமை, லாகாவோட நல்லா சேரும். நாகூர் பக்கத்து மூக்குக்கு சந்தனம் இல்லாம முடியாது, கந்தூரி நேரத்துல சந்தனமும் சாம்பிராணியும் சேந்து வர்ற அந்தப் பொகைலயே வளந்தவங்க, அவங்க வெட்டிவேர பாதியாக்கி சந்தனத்தூள் 10 கிராம் போட்டுக்கலாம். தஞ்சாவூர் கதம்பத்து மேல பிரியம் உள்ளவங்க காஞ்ச மரிக்கொழுந்து ஒரு பிடி அரைச்சுச் சேருங்க. கிராம்பு, ஜாதிக்காய் ரெண்டும் சிட்டிகைக்கு மேல வேணாம், பிரியாணி மசாலா வாடை வந்துடும்.

பெசையிறதும் உருட்டுறதும்

தூள் எல்லாத்தையும் காஞ்சதாவே ரெண்டு தடவ சலிச்சுக் கலந்துடுங்க. தண்ணிய வெதுவெதுப்பா, கொஞ்சம் கொஞ்சமா விடுங்க, ஒரேடியா ஊத்துனா ஜிகட் கட்டி தட்டிக்கும். தூள் எடையில முக்காப் பங்கு தண்ணி புடிக்கும்னு வச்சுக்கங்க, ஆனா மழை நாள்ல கொறையும், வெயில் நாள்ல கூடும், அதனால அளவ விட கைதான் நம்பிக்கை. கால் மணி நேரம் நல்லா அழுத்திப் பெசைங்க. ஒரு உருண்டைய கட்டை வெரலால அமுக்குனா ஓரம் வெடிக்கக் கூடாது, கைலயும் ஒட்டக் கூடாது, வெடிச்சா ரெண்டு சொட்டுத் தண்ணி, ஒட்டுனா ஒரு சிட்டிகை ஜிகட். ஈரத்துணி போட்டு மூடி ஒரு மணி நேரம் வச்சுடுங்க, இந்த ஊறல்லதான் மாவுக்கு இழுவை வரும்.

உருட்டுறதுக்கு மணைப்பலகை போதும். அரநெல்லிக்காய் அளவு மாவ எடுத்து, 9 இன்ச் மூங்கில் குச்சியோட நடுவுல அமுக்கி, பலகை மேல வச்சு உள்ளங்கையால முன்னாடி தள்ளுங்க. வெரலால உருட்டுனா மேடும் பள்ளமுமா வரும், உள்ளங்கையோட அடிப்பக்கம்தான் படணும். தள்ளத் தள்ள மாவு குச்சியோட ரெண்டு பக்கமும் ஓடும், கீழ ரெண்டு இன்ச் வெறுங்குச்சி விட்டுட்டு நிறுத்திடுங்க. பலகைல ஒட்டாம இருக்க லாகாத் தூளையே லேசா தூவிக்கலாம். மொத பத்து இருவது வத்தி கோணலாத்தான் வரும், அத திரும்ப உருவி பெசஞ்சுக்கலாம், சரக்கு ஒண்ணும் வீணாப் போகாது.

குச்சி உருட்ட வரலன்னா கூம்பு புடிங்க, சுண்டு வெரல் மொன அளவுல. கூம்பு கனமா இருந்தா உள்ள ஈரம் நின்னுக்கும், சின்னதா இருக்கணும்.

காயவைக்கிறது, டெல்டாக்காரங்களுக்கு பாதி வேலையே இதுதான்

எல்லா வழிகாட்டிலயும் "நெழல்ல ரெண்டு நாள் ஒலத்தவும்"னு ஒரே வரில முடிச்சிடுவாங்க. அது பெங்களூரு காத்துக்கு சரி. நமக்கு சுத்தி வயலு, வாய்க்கா, தண்ணி நிக்கிற மண்ணு, நாகை வேளாங்கண்ணி பக்கம்னா மத்தியானத்துக்கு மேல கடக்காத்து வேற. ஐப்பசிலயும் கார்த்திகைலயும் வத்தி போடவே போடாதீங்க, மூணாம் நாளே வெள்ளையா பூசணம் பூத்துடும், பூத்தத தொடச்சாலும் அந்த மக்கு வாடை போகாது. மார்கழி பனி, அதுவும் வேணாம். தை பொறந்து அறுப்பெல்லாம் முடிஞ்சு வர்ற மாசி பங்குனிதான் நேரம், காத்து காஞ்சு இருக்கும், வெயிலும் கொளுத்தாது. வருசத்துக்கு வேண்டியத அப்பவே உருட்டி வச்சுடுங்க.

மொத நாள் வெயிலும் வேணாம், நேரா ஃபேன் காத்தும் வேணாம். வெளிப்பக்கம் படக்குன்னு காஞ்சு உள்ள ஈரம் இருந்துச்சுன்னா வத்தி வில்லா வளையும், தோலு வெடிக்கும். மொறத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பரப்பி, காத்தோட்டமான ரூம்ல வச்சு, சாயங்காலம் ஒரு தடவ, காலைல ஒரு தடவ ஒவ்வொண்ணா பெரட்டி விடுங்க. மொறம் ஏன்னா அடியிலயும் காத்து போகும், ஸ்டீல் தட்டுல வச்சா அடிப்பக்கம் வேர்க்கும். ரெண்டாம் நாள்லேர்ந்து ஃபேன் தூரத்துல ஓடலாம். சூரியன் எறங்குறதுக்கு முன்னாடி எடுத்து உள்ள வச்சு துணி போட்டு மூடிடணும், ராத்திரி ஈரத்த அப்படியே குடிச்சிடும்.

அஞ்சுலேர்ந்து ஏழு நாள் ஆகும். ஒண்ண ஒடிச்சுப் பாருங்க, மசால், அதான் குச்சி மேல உருட்டுன மாவு, சடக்குன்னு சத்தம் போட்டு ஒடையணும், நடுவுல நெறம் அடர்த்தியா தெரிஞ்சா இன்னும் ஈரம் இருக்கு. காஞ்ச ஒடனே எரிச்சா ஜிகட் வாடைதான் முந்திக்கிட்டு வரும். பட்டர் பேப்பர்ல சுத்தி எவர்சில்வர் டப்பால போட்டு, வறுத்து ஆறவச்ச அரிசிய சின்ன துணி முடிச்சா கட்டி உள்ள போட்டு, ஒரு மாசம் மூடி வச்சிடுங்க. அரிசி ஈரத்த இழுத்துக்கும், மழைக்காலத்துல முடிச்ச எடுத்து திரும்ப வறுத்துப் போடுங்க.

எரிச்சுப் பாத்து சரி பண்றது

நடுவுல அணையுதா, மொதல்ல ஈரமான்னு பாருங்க, காஞ்சிருந்தும் அணைஞ்சா அடுத்த தடவ கரி 10 கிராம் ஏத்தி சாம்பிராணிய கொறைங்க. மசமசன்னு வேகமா எரிஞ்சு கரி வாடை அடிச்சா கரி அதிகம். குச்சிலேர்ந்து மசால் உதுந்தா ஜிகட் பத்தல, இல்ல மாவு ஊறல. சாம்பல் வெளுப்பா, ஒடையாம கொஞ்ச தூரம் வளைஞ்சு நின்னு அப்பறம் விழுந்துச்சுன்னா எல்லாம் சரியா வந்துருக்கு. ஒரு வத்தி அரை மணிக்கு மேல நிக்கணும்.

வத்தி எரியிறப்ப ஜன்னல் ஒண்ணு தொறந்து இருக்கட்டும். இயற்கைப் பொருள்னாலும் பொக பொகதான், அதுல நைசான துகள் நெறைய, கைக்கொழந்தை படுத்துருக்குற ரூம்ல எதுவும் வேணாம், பொறந்த புள்ளைக்கு சாம்பிராணி காட்டுற வழக்கம் உள்ள வீட்டுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

அந்தக் கப்பிய எடுத்து வச்சோம்ல, அதுக்குத் தூபக்கால். தணல் நல்லா கனிஞ்ச பொறவு மேல ஒரு ஸ்பூன் சாம்பல தூவி மூடிட்டு, அந்தச் சாம்பல் மேல கப்பிய போடுங்க. கரண்டில பாத்தோமே அதே மெதுவான சூடு, லாகாவோட முழு வாசம் இதுலதான் தெரியும், என்னக் கேட்டா வத்திய விட இதுதான் ஒசத்தி.

லாகா இல்லாதவங்களுக்கு

நாட்டு மருந்துக்கடையில தேவதாருக் கட்டை கேளுங்க, தூளா வாங்காதீங்க, தூள்ல என்ன கலந்துருக்குன்னு கடைக்காரருக்கே தெரியாது. "அண்ணே, தூபத்துக்குத்தான், மருந்துக்கு இல்ல"ன்னு சொன்னீங்கன்னா வெலையும் கொஞ்சம் பாத்துப் போடுவாரு. தேவதாரு தூள் 80 கிராம், சந்தனத்தூள் 20 கிராம், இந்த நூறு லாகாவோட எடத்துல நிக்கும், மத்ததெல்லாம் மேல சொன்ன அளவேதான். தேவதாருல இயல்பாவே எண்ணெப்பசை இருக்குறதால சாம்பிராணிய 15லேர்ந்து 10க்கு எறக்கிடுங்க, தண்ணியும் கொஞ்சம் கம்மியா புடிக்கும், பாத்து விடுங்க.